குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

இங்கே வேலை கிடைத்து வருகிற யாருக்காவது யாரோ என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வரும். கேட்கிற ஆள்தான் மாறுவார், கேள்விகள் மாறாது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். படித்த நிபுணர்களுக்கான வேலை அனுமதியான புளூ கார்டு விசாவில், சின்னப் பிள்ளைகளோடு, தமிழ்நாட்டிலிருந்து வருகிற குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. நான் இருப்பது மியூனிக். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷயங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். தொகைகள் 2026 தொடக்கத்தில் இருப்பவை.

முதல்ல நான் மட்டும் வந்து செட்டில் ஆகிட்டு அப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வரட்டுமா, இல்ல எல்லாரும் ஒண்ணாவே வந்துடலாமா அக்கா?

கம்பெனி முதல் சில மாதங்களுக்கு ஃபர்னிச்சரோடு வீடு தருகிறதென்றால் ஒன்றாகவே வாருங்கள். தரவில்லையென்றால் ஒருவர் முன்னால் வந்து வீடு பிடிப்பது நல்லது. இரண்டு வயதுப் பிள்ளையை ஹோட்டல் அறையில் வைத்துக்கொண்டு வீடு தேடுவதெல்லாம் வேண்டாத வேலை. ஆனால் விசாவுக்கு எல்லாருக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள், "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தள்ளிப்போட்டால் அது அரை வருஷம் இழுக்கும்.

முன்னால் வந்தவர் அதற்குள் கடை, வழி, நண்பர்கள் என்று எல்லாம் பழகியிருப்பார். பின்னால் வருபவர் அவருடைய ஊருக்கு விருந்தாளியாக வந்து இறங்குவார். இந்த இடைவெளி நீள நீளக் கஷ்டம். முடிந்தால் அவரை ஏப்ரல், மே வாக்கில் வரவையுங்கள். டிசம்பரில் வந்தால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், விளையாட்டுத் திடலில் ஒரு ஈ காக்கா இருக்காது, பேசிப் பழக ஆள் கிடைக்காது.

அன்மெல்டுங் அன்மெல்டுங்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, அது என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

குடியிருக்கும் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவதுதான். குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது தாமதமாகும் என்பதால் வீடு உறுதியான அன்றே தேதி போட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது, இவர்கள் இங்கே குடிவந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். தற்காலிக வீட்டுக்காரர்கள் சிலர் அதற்கு மறுப்பார்கள். பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் ஒவ்வொருவருக்கும் தபாலில் வரும், பச்சைக் குழந்தைக்குக்கூட. அது கம்பெனிக்குப் போகாவிட்டால் ஆறாம் வகுப்பு வரி என்று சம்பளத்தில் நிறையப் பிடிப்பார்கள், பின்னால் திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் மாதம் கை கடிக்கும்.

தபால் பெட்டியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இங்கே முகவரியில் ஃபிளாட் நம்பர் பெரும்பாலும் இருக்காது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் வீடுகளில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். கணவர் பெயரை மட்டும் ஒட்டினால் மனைவிக்கும் பிள்ளைக்கும் வருகிற கடிதம் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடும், அதற்கு அப்புறம் அது எங்கே போனது என்று தேடுவது தனிக் கதை. குடிவந்த அன்றே எல்லார் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டிவிடுங்கள்.

பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் காலியா இருக்கு. அங்க வந்து மாட்டிக்குவேனா?

மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், ஆனால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அப்பா பெயர் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், முன்பெயருக்கு ஒரு கட்டம், இரண்டையும் நிரப்பியாக வேண்டும். நேரம் இருந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து சர்நேம் போட்டு, வீட்டில் எல்லாருடையதையும் சீராக்கிவிடுங்கள். டிகிரி, கல்யாணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சான்றிதழ் வெளிநாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கித் தருகிறோம் என்று ஏஜென்ட்கள் காசு கேட்பார்கள். அந்த முத்திரைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால், இந்திய அப்போஸ்டில் இங்கே செல்லாது. சான்றிதழில் சந்தேகம் வந்தால் இங்குள்ள அலுவலகமே இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகம் வழியாகச் சரிபார்க்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

காலி வீடுன்னு போட்டிருக்காங்க. நிஜமாவே காலியா?

நிஜமாகவே காலி. பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது, சமையலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கூரையில் பல்பு இருக்கிற இடத்தில் இரண்டு வயர் தொங்கும். காலி செய்துகொண்டு போகிறவர் தன் சமையலறையை விற்றுவிட்டுப் போவார், அதை வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் லாபம். விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள். கால்ட் என்பது வெறும் வாடகை, வார்ம் என்பது ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இரண்டிலுமே சேராது. டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகை, அதை மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும், அது மோசடி. மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஷூஃபா என்கிற கடன் வரலாற்றுச் சான்றும் கேட்பார்கள், புதிதாக வருகிறவரிடம் இரண்டும் இருக்காது. வேலை ஒப்பந்தத்தோடு, கம்பெனி எச்ஆரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

குடிவந்த பிறகு தினமும் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று மாற்றுங்கள், பனி பெய்தாலும்தான். நாம் சோறு வடிப்பது, துணியை வீட்டுக்குள் காயப்போடுவது எல்லாம் சேர்ந்து சுவரில் பூஞ்சை வந்துவிடும், வந்தால் முதல் பழி குடியிருப்பவர் மேல்.

சம்பளம் பெருசாத்தான் தெரியுது. பிடித்தம் போக கையில எவ்வளவு நிக்கும்?

ஏறக்குறைய 60-லிருந்து 70 சதவீதம் வரை, வரி வகுப்பைப் பொறுத்து. மனைவி இந்தியாவில் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றாம் வகுப்பு. அவர் வந்து பதிந்ததும் இருவரும் நான்குக்கு மாறுவீர்கள், ஒருவர் மட்டும் சம்பாதித்தால் அவருக்கு மூன்று, மற்றவருக்கு ஐந்து என்று கேட்டு மாற்றிக்கொண்டால் மாதாமாதம் கையில் கூட வரும். வருஷக் கடைசிக் கணக்கில் மொத்த வரி ஒன்றுதான். மூன்றில் இருப்பது இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்து குழந்தை பெற எண்ணம் இருந்தால் இந்த வகுப்பு ஏன் முக்கியம் என்று கீழே பிரசவக் கேள்வியில் வரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 259 யூரோ கிண்டர்கெல்ட் என்கிற அரசு உதவித்தொகை வரும், புளூ கார்டு குடும்பங்களுக்கும் உண்டு. விண்ணப்பித்தால்தான் வரும், பழைய பாக்கியை ஆறு மாதத்துக்கு மட்டுமே தருவார்கள். அப்புறம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லை, ஜெர்மன் தெரியாது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது, வீட்டுக்கு ஒன்று கட்டித்தான் ஆகவேண்டும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரைவேட்ல போட்டா சீப்புன்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

போடாதீர்கள். அரசு முறைக் காப்பீட்டில் சம்பாதிக்காத துணையும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். பிரைவேட்டில் தலைக்கு ஒரு பிரீமியம், வயதாக ஆக ஏறும், திரும்பி வருவதும் லேசில்லை. அதை விற்கிறவருக்கு நல்ல கமிஷன் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதற்குப் பதிலாக, பிறருக்கு நாம் செய்யும் சேதத்துக்கான ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் காப்பீட்டை முதல் மாதமே எடுங்கள். வருஷத்துக்குச் சில பத்து யூரோதான். பிள்ளை பக்கத்துக் காரைக் கல்லால் கீறினாலும், கட்டடத்தின் பொதுச் சாவி தொலைந்தாலும் அதுதான் காப்பாற்றும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பு கிடையாது என்பதால், அவர்கள் செய்யும் சேதமும் அடங்கும் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பெட்டியில என்னென்ன கொண்டு வரணும்? மிக்ஸி வேலை செய்யுமா?

செய்யும். இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு, நல்ல கனமான அடாப்டர் வேண்டும். குக்கர் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாக வாங்குங்கள், வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும். மாவு குளிரில் பொங்காது என்று கவலைப்பட வேண்டாம், ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், ஓவனைக் கழுவுவது பெரும்பாடு.

அம்மா கட்டிக்கொடுக்கிற பையில் பாதி சட்டவிரோதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருள் கொண்டுவரக் கூடாது, அதாவது நெய், பால்கோவா எல்லாம் அடங்கும். கைக்குழந்தைக்கான பால்பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு. பச்சைக் கறிவேப்பிலையும் 2019 டிசம்பரிலிருந்து சான்றிதழ் இல்லாமல் கூடாது. வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் 20 கிலோ வரை கொண்டுவரலாம், பக்கத்து சீட்காரர் பாடு அவர் பாடு. இட்லி அரிசி, முருங்கைக்காய், புளி எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும், அதற்கு எடையை வீணாக்க வேண்டாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள், அதன் காரணம் அடுத்த இரண்டு பதில்களில்.

குழந்தைக்குக் காய்ச்சல்னா உடனே டாக்டர் பார்ப்பாங்களா? ஆன்டிபயாடிக் தரமாட்டாங்களாமே?

முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் பிள்ளையைப் பதிந்து வைக்க வேண்டும், காய்ச்சல் வந்த பிறகு தேடினால் "புதியவர்களை எடுப்பதில்லை" என்றுதான் பதில் வரும். வீடு கிடைத்த வாரமே பக்கத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் ஃபோன் போடுங்கள், ஒருவர் மறுத்தால் அடுத்தவர். பிறந்ததிலிருந்து பள்ளி வயதுவரை மஞ்சள் புத்தகத்தில் எழுதும் வளர்ச்சிப் பரிசோதனைகள் இருக்கின்றன, "பரிசோதனைக்குச் சேர்க்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் சில இடங்களில் கதவு திறக்கும். ஊர்த் தடுப்பூசி அட்டையைப் பார்த்து இங்குள்ள அட்டையில் ஏற்றித் தருவார்கள்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியா என்று தெரிந்தால் தருவார்கள், சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் தரமாட்டார்கள். மூன்று நாள் ஓய்வு, தண்ணீர், காய்ச்சல் சிரப் என்று அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை நமக்குக் கோபம்தான் வரும், பெரும்பாலும் நாலாம் நாள் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதித் தரும் மருந்து 12 வயதுக்குள் இலவசம். இரவிலும் வார இறுதியிலும் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த இரண்டு எண்களையும் ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

கீட்டா கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்றாங்க. எப்ப அப்ளை பண்ணணும்?

வீட்டு முகவரி உறுதியான அன்று. கீட்டா என்பது பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம். ஒரு வயது முடிந்த எந்தப் பிள்ளைக்கும் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் பற்றாக்குறை, இடமும் பற்றாக்குறை, சட்டத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது. மியூனிக்கில் நகரத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும், பெர்லின், ஹாம்புர்கில் முதலில் கூப்பன் வாங்கிக்கொண்டு பிறகு இடம் தேட வேண்டும். ஆண்டுக்கான இடங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் காலியாகும். ஆன்லைனில் பதிந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், திறந்த நாட்களில் நேரே போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், பாதி இடங்கள் அப்படித்தான் நிரம்புகின்றன என்பது என் அபிப்பிராயம். பெர்லினில் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். மற்ற ஊர்களில் ஊருக்கு ஊர், வருமானத்துக்கு வருமானம் மாறும்.

இடம் கிடைத்தபின் இரண்டு விஷயம். ஒன்று, தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் 2020 மார்ச்சிலிருந்து சேர்க்க மாட்டார்கள், ஒரு வயதுக்கு ஒரு டோஸ், இரண்டு வயதுக்கு மேல் இரண்டு. இரண்டாவது, முதல் நாளே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. முதலில் நீங்கள் ஒரு மணி நேரம் பிள்ளையோடு ஓரமாக உட்கார வேண்டும், பிறகு பத்து நிமிஷம் வெளியே நின்று வர வேண்டும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில்கூட ஆகலாம். புது வேலையை அந்த மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

மழை, பனி எதுவானாலும் வெளியே விளையாட விடுவார்கள். தோள்வரை பட்டை வைத்த மழைக் காற்சட்டை, ரப்பர் பூட்ஸ், வீட்டுச் செருப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றிலும் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா என்பதோடு ஜெலட்டினையும் (விலங்கிலிருந்து எடுப்பது) சேர்த்து எழுதிக் கொடுங்கள். பிறந்தநாள் வீட்டுப் பையன் நீட்டுகிற கரடி மிட்டாயில் பெரும்பாலும் அது இருக்கும். அப்புறம், இங்கே யாருக்கும் பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லாதீர்கள், ஆகாது என்பார்கள். நம் ஊர் கண்திருஷ்டி அளவுக்கு நம்புகிறார்கள்.

நாலாம் கிளாஸ்லயே பிள்ளையைப் பிரிச்சிடுவாங்களாமே, பயமா இருக்கு.

பெர்லின், பிராண்டன்புர்கில் ஆறாம் வகுப்புக்குப் பிறகு, மற்ற பெரும்பாலான இடங்களில் நாலாவது முடிந்ததும், யார் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் கிம்னாசியம், யார் தொழிற்கல்விப் பக்கம் போகும் ரியால்ஷூலெ என்று பிரியும். இது ஒரே கதவு இல்லை, பிறகு மாறலாம், தொழிற்கல்வி வழியாகவும் பல்கலைக்கழகம் போகலாம். ஆனாலும் மாறுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுக்கு முன் வருகிற பிள்ளை மொழியைப் பிடித்துக்கொள்ளும். ஒன்பது பத்து வயதில் வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வருஷத்திலேயே முடிவு வந்து நிற்கும், அவர்களுக்காகத்தான் எனக்குக் கவலை. அந்த வயதில் பிள்ளை இருந்தால் ஊரிலேயே ஜெர்மன் வகுப்பு ஆரம்பித்துவிடுங்கள்.

பள்ளிக்குப் போவது கட்டாயம், வீட்டில் வைத்துச் சொல்லித்தர அனுமதியில்லை. டிக்கெட் விலை குறைவு என்று லீவுக்கு இரண்டு நாள் முன்பே ஊருக்குக் கிளம்பினால் அபராதம். பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் கேட்ட கதைகள் உண்மை.

எல்லாரும் அவர் வேலை, பையன் ஸ்கூல்னு பேசுறாங்க. நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன் அக்கா?

இதைக் கேட்பவர்கள் தாழ்ந்த குரலில், வேறு ஏதோ கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில்தான் கேட்பார்கள். நான் பார்த்தவரை ஒரு குடும்பம் இங்கே தங்குமா, இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டுமா என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். வேலைக்கு வந்தவருக்கு அலுவலகம் இருக்கிறது, ஆங்கிலம் பேசும் சகாக்கள் இருக்கிறார்கள். கூட வந்தவருக்குத்தான் மொழி, கடை, டாக்டர், கீட்டா, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று முழு நாடும் தலையில் விழுகிறது. (கூட வருவது கணவராகவும் இருக்கலாம், அவர்களுக்கு இன்னும் தனிமை.)

சட்டத்தில் தடையே இல்லை. புளூ கார்டுக்காரரின் துணை, தன் குடியிருப்பு அனுமதி கிடைத்ததிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம், விசாவுக்கு ஜெர்மன் தேர்வும் கேட்பதில்லை. கேட்காததுதான் வினை, ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்கிவிடுகிறோம். ஐடி என்றால் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். நர்ஸ், டாக்டர், டீச்சர் என்றால் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வாங்கவேண்டும், மொழியும் பி2, சி1 வரை (ஏ1-லிருந்து சி2 வரை போகும் தேர்ச்சி நிலைகள்) வேண்டும். அதற்கான தாள் வேலையைக் கிளம்பும் முன்பே தொடங்குங்கள், பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் வாங்கவேண்டியவை இங்கிருந்துகொண்டு நடக்காது. மொழிக்கு அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, 600 மணி நேர மொழிப்பாடமும் 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடமும், முடிவில் பி1. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கார்டு வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் ஊருக்கு ஊர் இருக்கிற ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்கிற பெரியவர்களுக்கான கல்வி நிலையத்தில் கட்டணம் குறைவு. ஆன்லைனைவிட நேரில் போகும் வகுப்புதான் நல்லது, சிரியாக்காரியும் பிரேசில்காரியும் அங்கேதான் தோழிகளாவார்கள்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள் நிறைய வித்தியாசம் செய்யும். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும். வருகிற கடிதங்களை அவர் வந்துதான் பிரிக்கவேண்டும் என்று மேசையில் அடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்து நீங்களே படியுங்கள், மூன்று மாதத்தில் எது வெறும் விளம்பரம், எது கெடு தேதி உள்ள கடிதம் என்று உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாதம் 603 யூரோ வரை மினிஜாப் என்கிற சின்னப் பகுதிநேர வேலை பார்த்தால் காப்பீடு கணவரோடு சேர்ந்தபடியே இருக்கும். பேக்கரியில் வாரத்துக்குச் சில மணி நேரம் நின்ற ஒரு பி.இ. படித்த பெண்ணை எனக்குத் தெரியும், அங்கே அவள் கற்ற ஜெர்மன் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஊரில் இதைச் சொல்ல அவள் வீட்டில் கூச்சப்பட்டார்கள். எனக்கு அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

ஞாயித்துக்கிழமை மிக்ஸி போட்டா போலீஸ் வருமா?

இரவு 10-லிருந்து காலை 6 வரையும், ஞாயிறு, விடுமுறை நாட்களில் முழு நாளும் அமைதி நேரம். இரண்டு நிமிஷம் சட்னி அரைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை, கிரைண்டரைத் தரையில் வைத்து ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் வருவார். டிரில், வாக்யூம் வேண்டாம். பிள்ளை அழுவது, ஓடுவது வேறு, அதை நீதிமன்றங்களே பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றன. குடிவந்ததும் மேல், கீழ் வீடுகளில் மணியடித்து, பிள்ளையைக் காட்டி, பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டால் பாதிப் புகார் வராது.

பிள்ளைங்க தமிழை மறந்துடுமே?

நீங்கள் வீட்டில் பேசினால் மறக்காது. கீட்டாவில் யாராவது "வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து தமிழிலேயே பேசுங்கள், நம்முடைய உடைந்த ஜெர்மனைக் கற்றுக்கொடுப்பதில் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதப் படிக்க, பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் நடத்தும் தமிழாலயம் வார இறுதியில் இருக்கிறது. 1980-களிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கட்டியெழுப்பியவை இவை. கடையும் கோயிலும்கூட அவர்களுடையதுதான். ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் ஐடி வாட்ஸாப் குழுவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இவர்களைத் தெரியாமலே வருஷக்கணக்கில் இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இந்திய லைசன்ஸ்ல எவ்வளவு நாள் ஓட்டலாம்?

குடியேறியதிலிருந்து ஆறு மாதம். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் இரண்டும் எழுதித்தான் ஆகவேண்டும், கட்டாய வகுப்பு மணிக்கணக்கிலிருந்து மட்டும் விலக்கு. எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் இல்லை. அவசரமில்லையென்றால் நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயிலில் போகும் மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும், ஆறு வயதுக்குள் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். யார் காரில் போனாலும் 12 வயது அல்லது 150 செ.மீ. வரை பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை.

அங்க பிரசவம் வச்சுக்கலாமா? அம்மா வந்து எத்தனை மாசம் இருக்கலாம்?

தாராளமாக. டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்த வாரமே ஹெபாமெ தேட ஆரம்பியுங்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மருத்துவச்சி அவர், செலவு காப்பீட்டில். தாமதித்தால் கிடைக்க மாட்டார். வேலை பார்க்கும் தாய்க்கு முன்னால் 6 வாரம், பின்னால் 8 வாரம் விடுப்பு. அதன் பிறகு எல்டர்ன்கெல்ட் என்கிற பெற்றோர் உதவித்தொகை, மாதம் 300-லிருந்து 1800 யூரோ வரை, பிரசவத்துக்கு முந்தைய நிகரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். வரி வகுப்பு என்று மேலே சொன்னேனே, அது இதற்குத்தான். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் மனைவியின் நிகரச் சம்பளம் குறைவாகத் தெரியும், தொகையும் குறையும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மாற்றுங்கள், கர்ப்பம் தெரிந்த பிறகு மாற்றினால் பெரும்பாலும் நேரம் போதாது.

அம்மா விசிட் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு. மாமியாரும் அம்மாவும் ஒன்றாக வராமல் அடுத்தடுத்து வந்தால் ஆறு மாதம் ஓட்டலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நிரந்தரமாகக் கூட்டிவர, 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல் அனுமதி பெற்ற நிபுணர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது, ஆனால் அறுபது வயதுக்காரருக்கு இங்கே முழு மருத்துவக் காப்பீடு எடுப்பதில்தான் முட்டும்.

இங்க பிறந்தா பிள்ளைக்கு ஜெர்மன் பாஸ்போர்ட்டா?

பெற்றோரில் ஒருவர் 5 வருஷம் சட்டப்படி இங்கே வாழ்ந்து, நிரந்தர அனுமதியும் வைத்திருந்தால் மட்டும். இல்லையென்றால் இந்தியப் பிள்ளைதான். முதலில் இங்கே பிறப்புப் பதிவு (அங்கேதான் மேலே சொன்ன சர்நேம் விவகாரம் முழு வேகத்தில் வரும்), அதைக் கொண்டு பெர்லின் தூதரகத்திலோ, ஃபிராங்ஃபுர்ட், ஹாம்புர்க், மியூனிக் துணைத் தூதரகங்களிலோ ஒரு வருஷத்துக்குள் பதிந்து பாஸ்போர்ட், பிறந்து ஆறு மாதத்துக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். பாஸ்போர்ட் தாமதமானாலும் ஆறு மாதக் கெடுவுக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

கார்டு முடியப்போகுது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கல. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வரலாமா?

கார்டு முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், இடைக்காலத் தாள் ஒன்று தருவார்கள். அதில் எந்தப் பிரிவு டிக் செய்திருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81, உட்பிரிவு 4 என்றால் போய்த் திரும்பலாம், 3 என்றால் போனால் திரும்ப விசா வாங்கவேண்டும். தாள் கைக்கு வராமல், விண்ணப்பித்த ஈமெயிலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், சென்னையில் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வேலை போச்சுன்னா உடனே கிளம்பணுமா?

உடனே இல்லை. வேலை தேட மூன்று மாதம், புளூ கார்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆறு மாதம் என்பது ஐரோப்பிய விதி. வேலை போகிறது என்று தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிருந்தால், பிள்ளை உள்ளவர்களுக்கு நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் வரும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவிக்கவேண்டும். கம்பெனி நீட்டும் விடுவிப்பு ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்களே விலகியதாக எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தைச் சில வாரம் நிறுத்தலாம். துணையும் வேலையில் இருந்தால் இந்த மாதங்கள் எப்படிக் கடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் மேலே அவ்வளவு நீளமாக எழுதியதற்கு இதுவும் காரணம்.

நிரந்தர அனுமதி வாங்கிட்டு ரெண்டு வருஷம் ஊர்ல இருந்துட்டுத் திரும்பி வரலாமா?

புளூ கார்டில் 27 மாதத்தில், பி1 மொழி இருந்தால் 21 மாதத்திலேயே, நிரந்தர அனுமதி கேட்கலாம். அதை வைத்துக்கொண்டு பொதுவாகத் தொடர்ந்து 6 மாதம் வரைதான் வெளியே இருக்கலாம். 12 மாதச் சலுகை புளூ கார்டுக்கும் அதோடு வந்த குடும்பத்தின் அனுமதிக்கும்தான். இரண்டு வருஷம் என்றால் போய்விடும்.

குடியுரிமை 5 வருஷத்தில். மூன்று வருஷ வழியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கவேண்டும், அதில் விவசாய நிலம் வாங்க முடியாது. ஊருக்கே திரும்புவதென்று முடிவானால் வீட்டுக்கு மூன்று மாதம் முன்பு கையெழுத்திட்ட தாளில் நோட்டீஸ் கொடுங்கள், ஈமெயில் செல்லாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து முகவரியை நீக்கப் பதியலாம். அந்தத் தாள் இருந்தால்தான் இன்டர்நெட்டையும் வானொலிக் கட்டணத்தையும் ரத்து செய்ய முடியும். டெபாசிட் திரும்ப வர மாதங்கள் ஆகும், அதனால் இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வையுங்கள்.